இலையுதிர்காலக் களமும் பனிக்கால மண்டபமும்: ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியின் விளையாட்டு வரலாறு

மாலை வெயில் தாழ்ந்ததும் நமது ஊர்களின் வெளிகளிலே இரண்டு கம்பங்கள் நாட்டி, வலை கட்டி, வாலிபர்கள் கரப்பந்தாடத் தொடங்கிவிடுகின்றார்கள். பெண் பாடசாலை முற்றங்களிலே வலைப்பந்தாட்டம் நடைபெறுகின்றது. பட்டினத்துக் கல்லூரிகளிற் கூடைப்பந்தாட்டக் களங்கள் உள்ளன. இம்மூன்று விளையாட்டுகளும் நமக்கு எத்துணைப் பழக்கமாகிவிட்டன என்றால், இவை எங்கிருந்து வந்தன என்று கேட்கவும் நாம் மறந்துவிட்டோம்.

நாம் மிஷன் பாடசாலையொன்றிற் படித்த காலத்தில், அங்கே ஒரு கூடைப்பந்தாட்டக் களம் இருந்தது. துருப்பிடித்த இரும்பு வளையம். அதில் வலையும் இல்லை, கூடையும் இல்லை. “கூடையே இல்லாத விளையாட்டுக்குக் கூடைப்பந்து என்று பெயர் வைத்தவர் யார், ஐயா?” என்று ஒருநாள் எமது உடற்பயிற்சி ஆசிரியரை வினவினோம். அவர் சிரித்துவிட்டு, “நூலகம் ஒன்று இருக்கிறதல்லவா? போய்த் தேடிப் பாருங்கள்” என்றார். அன்று தேடத் தொடங்கியது இன்று இக்கட்டுரையாக முடிந்திருக்கின்றது. வாலிப அன்பர்களும் பெரியோர்களும் பொறுமையுடன் வாசித்தருள்வார்களாக.

பருவமும் விளையாட்டும்

பண்டைத் தமிழர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாக வகுத்தனர். ஆயினும் யாழ்ப்பாணத்து மாணவனுக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டே. ஒன்று மாரி, மற்றது வெயில். ஐப்பசி கார்த்திகையில் மைதானம் குளமாகும். பங்குனியில் அதே மைதானத்திலே துடுப்பாட்டப் பெரும்போட்டி நடைபெறும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியிலே நிலைமை வேறு. புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை வரையும் இலைகள் பொன்னிறமும் செந்நிறமுமாகி உதிரும். அதுவே இலையுதிர்காலம். அதன்பின் மார்கழி முதற் பங்குனி வரையும் உறைபனி நிலத்தை மூடிக்கொள்ளும். புல்லும் தெரியாது, பாதையும் தெரியாது.

ஆதலின் அந்நாட்டுக் கல்லூரிகளிலே விளையாட்டும் பருவத்தோடு மாறுகின்றது. இலையுதிர்காலத்துக்கு ஓர் அணி. பனிக்காலத்துக்கு மற்றோர் அணி. முன்னையது திறந்தவெளியிற் புற்றரைமீது ஆடுவது. பின்னையது கூரையின்கீழ் விளக்கொளியில் ஆடுவது. இவ்விரு பருவங்களும் ஒன்றோடொன்று மோதிய இடத்திலே, ஒரு சிறிய கல்லூரியில், 1891ஆம் ஆண்டின் மார்கழியிலே, புதிய விளையாட்டொன்று பிறந்தது. அக்கல்லூரியே மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் உள்ள கல்லூரியாகும்.

கல்லூரியின் தோற்றம்

1885ஆம் ஆண்டிலே கிறிஸ்தவத் தொண்டர்களைப் பயிற்றுவதற்காக இக்கல்லூரி தாபிக்கப்பட்டது. பின்னர் வை. எம். சி. ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சர்வதேசப் பயிற்சிப் பாடசாலையாயிற்று. 1954இலேதான் ‘ஸ்பிறிங்பீல்ட் கல்லூரி’ என்னும் பெயரை முறைப்படி ஏற்றது. நகரங்கள்தோறும் இருந்த வாலிபர் சங்கங்களுக்குச் செயலாளர்களையும் உடற்பயிற்சி அதிகாரிகளையும் ஆக்கி அனுப்புவதே அதன் பணி.

அங்கே உடற்பயிற்சிப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் லூதர் ஹல்சி கூலிக் என்னும் வைத்தியர். 1865இல் ஹவாய்த் தீவிலே மிஷனரிமாரின் குடும்பத்திற் பிறந்தவர். மனிதன் என்பவன் ஆவி, மனம், உடல் ஆகிய மூன்றும் ஒருங்கே வளரவேண்டியவன் என்பது அவர் கொள்கை. இதற்கு அடையாளமாக 1891இல் அவர் முன்வைத்த முக்கோணமே வை. எம். சி. ஏ. இயக்கத்தின் சின்னமாயிற்று. உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்ட திருமூலர் வழிவந்த நமக்கு இக்கருத்து புதியதன்று. ஆனால் அக்காலத்து மேனாட்டுப் பக்தர் பலருக்கு அது புதியதாகவே இருந்தது. விளையாட்டு என்பது வீண்பொழுது என்றும், சிலவேளை பாவத்துக்கு வாயில் என்றும் எண்ணியோர் அந்நாளிற் பலர்.

இவ்வெண்ணத்தின் சூட்டை நேரே அனுபவித்தவர் ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பவர். 1861ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பிறந்தார். சிறுவயதிலேயே தாயும் தந்தையும் நச்சுக்காய்ச்சலால் இறந்தனர். உறவினரிடம் வளர்ந்தார். படிப்பை இடையிலே விட்டு மரம் வெட்டும் தொழிலுக்குப் போனார். பின்னர் மனந்திரும்பிப் படித்து, மொன்றியலிலுள்ள மக்கில் சர்வகலாசாலையில் 1887இற் பட்டம் பெற்று, அதன்பின் குருத்துவக் கல்வியும் கற்றார்.

மக்கிலிலே அவர் றக்பி உதைபந்தாட்டக் கோஷ்டியிற் சேர்ந்தார். குருவாகப் போகின்றவன் இப்படி முட்டிமோதி ஆடலாமா என்று கலங்கிய சகமாணவர் சிலர், ஓர் அறையிலே கூடி அவருடைய ஆன்மாவுக்காகச் செபம் செய்தனராம். ஒருமுறை ஆட்டத்திற் பட்ட அடியால் இரு கண்களும் கறுத்து வீங்கிய நிலையிலேயே அவர் பிரசங்க மேடையேறவும் நேர்ந்தது. ஆனால் இன்னொரு நாள், ஆட்டத்தின் நடுவே கோபத்தால் தகாத சொல் சொன்ன தோழன் ஒருவன், அருகில் நின்ற நெயிஸ்மித்தைக் கண்டதும் நாணி மன்னிப்புக் கேட்டான். பிரசங்கம் எதுவும் செய்யாமலே, களத்தில் நின்ற மாத்திரத்தால் ஒருவன் திருந்தினானே என்று அவர் சிந்தித்தார். தமது பணி பிரசங்க மேடையிலன்று, விளையாட்டுக் களத்திலே என்று துணிந்தார். 1890இல் ஸ்பிறிங்பீல்டுக்கு வந்து சேர்ந்தார்.

இலையுதிர்கால அணி

அதே ஆண்டில் அங்கே வந்தவர் அமொஸ் அலோன்சோ ஸ்ராக். யேல் சர்வகலாசாலையில் இறையியல் கற்றவர். புகழ்பெற்ற பந்தாட்ட வீரர். அவர் வந்ததும் கல்லூரிக்கு உதைபந்தாட்ட அணி ஒன்றை அமைத்தார். நாம் ஆடும் உதைபந்தாட்டம் வேறு, அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். அவர்களுடைய ஆட்டத்திலே முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவர். எதிரணியினர் பாய்ந்து பிடித்து வீழ்த்துவர். அதுவே அங்கு இலையுதிர்காலத்தின் அரசு விளையாட்டு.

கல்லூரியோ மிகச் சிறியது. பெரிய சர்வகலாசாலைகள் நூற்றுக்கணக்கானோரிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுக்க, ஸ்ராக் கைக்கெட்டிய சிலரையே கொண்டு அணி சேர்த்தார். நடுநாயகமான ‘சென்றர்’ இடம் நெயிஸ்மித்துக்குக் கிடைத்தது. ஏன் என்னைத் தெரிந்தீர் என்று அவர் கேட்டபோது, மிக முரட்டுச் செயலையும் மிகக் கண்ணியமாகச் செய்ய வல்லவர் நீர் என்ற பொருள்பட ஸ்ராக் விடையிறுத்தாராம். அந்த இடத்தில் நின்று மோதியதாற் காதுகள் நசுங்கவே, நெயிஸ்மித் காதுகளை மறைக்கும் தலைக்கவசம் ஒன்றைத் தாமே செய்து அணிந்துகொண்டார். அவ்வாட்டத்தின் ஆதித் தலைக்கவசங்களில் அதுவும் ஒன்றென்பர்.

1890 மார்கழி 12ஆம் திகதி இவ்வணி நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் மண்டபத்திலே, கூரையின்கீழ், யேல் வீரர் அணியொன்றை எதிர்த்து ஆடியது. 16க்கு 10 என்ற கணக்கிலே தோற்றது. சிறு கல்லூரியொன்று யேல் வீரருக்கு எதிரே பத்துப் புள்ளி பெற்றது தோல்வியிலும் பெருமையே. இன்னொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். வெளியே பனி, உள்ளே ஆட்டம். இலையுதிர்கால விளையாட்டைப் பனிக்கால மண்டபத்துக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பனிக்காலத்துச் சங்கடம்

1891ஆம் ஆண்டின் இலையுதிர்காலமும் கழிந்தது. பந்தாட்டக் காலம் முடிந்தது. மாணவர் உடற்பயிற்சி மண்டபத்துள் ஒடுங்கினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை யாவை? வரிசையாக நின்று கைகால் அசைத்தல், அணிநடை, மரச்சட்டங்களிலும் வளையங்களிலும் தொங்குதல் ஆகியவையே. நேற்றுவரை புற்றரையிலே பாய்ந்து விளையாடியவனுக்கு, இன்று “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக்கொண்டு கையைத் தூக்குவது எப்படி இனிக்கும்?

செயலாளர் பயிற்சி பெற்ற வகுப்பொன்றிலே பதினெண்மர் இருந்தனர். அவர்கள் சிறுவரல்லர், வளர்ந்த ஆடவர். உடற்பயிற்சி ஆசிரியராகும் நோக்கமும் அவர்களுக்கில்லை. ஆதலின் அப்பயிற்சியை அறவே வெறுத்தனர். ஓர் ஆசிரியர் அணிநடையால் அவர்களை வசப்படுத்த முயன்று தோற்றார். மற்றோர் ஆசிரியர் சட்டப் பயிற்சியால் முயன்று தோற்றார். மூன்றாவதாகக் கூலிக் அவ்வகுப்பை நெயிஸ்மித்திடம் ஒப்படைத்தார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவ்வாண்டு கூலிக் நடத்திய உளவியல் வகுப்பிலே, உலகில் முற்றிலும் புதியதென்று ஒன்றில்லை, பழையவற்றின் புதுச் சேர்க்கையே புதியதாகத் தோன்றுகின்றது என்ற கருத்து எழுந்தது. அப்படியாயின் பழைய விளையாட்டுகளின் கூறுகளைச் சேர்த்துப் புதிய விளையாட்டையும் ஆக்கலாமே என்று நெயிஸ்மித் சொன்னார். சொன்னவரிடமே அச்சுமை வந்து சேர்ந்தது! பதினான்கு நாள் தவணை கொடுக்கப்பட்டது.

நெயிஸ்மித் முதலிற் பழைய விளையாட்டுகளையே மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். றக்பியை மென்மையாக்கிப் பார்த்தார். மரத்தரையிலே வீழ்ந்தால் எலும்பு என்னாகும்? காலால் உதைக்கும் பந்தாட்டத்தைக் கொண்டுவந்தார். சாளரக் கண்ணாடிகள் பதில் சொல்லின. கனடா தேசத்து லக்ரோஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். கோல் வீசிக் கையும் முகமும் காயம்பட்டன. தவணையோ முடிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆசிரியர் தோற்ற இடத்திலே தாமும் தோற்றுத் தலைவரிடம் போய் நிற்கவேண்டுமே என்ற கவலை அவரை வாட்டியது. வகுப்பைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் அவர் அவ்வாறு செய்யவில்லை. குறை மாணவரிடத்திலன்று, நாம் அவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியிலேதான் என்று அவர் முன்பே தலைவரிடம் சொல்லியிருந்தார். தாம் சொன்ன சொல்லுக்குத் தாமே பொறுப்பாக நின்றார்.

சிந்தனையின் படிகள்

அவர் சிந்தித்த முறை நமக்குப் பெரும் பாடமாகும். ஆதலின் அதனைச் சிறிது விரித்துச் சொல்வோம்.

எல்லோரும் விரும்பும் கோஷ்டி விளையாட்டுகள் யாவற்றிலும் பந்து உண்டு. ஆதலின் பந்து வேண்டும். சிறிய பந்தென்றால் மட்டையோ கோலோ வேண்டும். அது மண்டபத்துக்கு ஆகாது. எனவே கையாற் பிடிக்கத்தக்க பெரிய பந்தே தக்கது. றக்பி முரடாவது எதனால்? ஒருவனைப் பிடித்து வீழ்த்துவதால். வீழ்த்துவது எதனால்? அவன் பந்தோடு ஓடுவதால். ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால், வீழ்த்துவதற்கு நியாயமே இல்லை! இதுவே அவர் கண்ட பெரிய சூட்சுமம்.

அடுத்தது கோல். கோல் தரையில் நிமிர்ந்து நின்றால், பந்தை வலுவாக எறிபவனே வெல்வான். வலுவாக எறிந்தால் எதிரே நிற்பவனுக்குக் காயம். அப்பொழுது பிள்ளைப் பருவத்தில் ஆடிய ஆட்டமொன்று அவர் நினைவுக்கு வந்தது. பாறையின்மேல் வைத்த சிறு கல்லை, வேறு கல்லால் எறிந்து வீழ்த்தும் ஆட்டம் அது. நேராக ஓங்கி எறிந்தவனின் கல் தவறினால் வெகுதூரம் போய்விடும். மெல்ல வளைத்து எறிந்தவனே பெரும்பாலும் வெல்வான். ஆகவே கோலின் வாய் வானத்தை நோக்கியிருந்தால், எவனும் மெல்ல வளைத்தே எறியவேண்டும். வலிமையிலும் நிதானமே வெல்லும். அக்கோல் தலைக்குமேலே இருந்தால், எதிரணியினர் அதைச் சூழ்ந்து நின்று மறைக்கவும் முடியாது. சிறுவயதிற் கல்லெறிந்து விளையாடிய விளையாட்டு, முப்பது வயதிலே கைகொடுத்தது.

இவ்வாறு சிந்தித்து முடித்ததும், மண்டபப் பராமரிப்பாளரான ஸ்ரெபின்ஸ் என்பவரிடம், 18 அங்குலச் சதுரமான இரு பெட்டிகள் உண்டோ என்று கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு இருக்கின்றன என்று அவர் கொண்டுவந்து கொடுத்தார். மண்டபத்தின் இருபுறமும் மேன்மாடத்தின் கைப்பிடிச் சட்டத்திலே அவை அறையப்பட்டன. அச்சட்டம் தரையிலிருந்து 10 அடி உயரத்திலே இருந்தது. இன்று உலகெங்கும் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். பெட்டி கிடைத்திருந்தால் இன்று நாம் ‘பெட்டிப்பந்து’ என்றுகூட அழைத்திருப்போம்! எமது பாடசாலை நாட் கேள்விக்கு விடை இதுவே.

பதின்மூன்று விதிகள்

நெயிஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதினார். அவை தட்டச்சிற் பொறிக்கப்பட்டு மண்டபத்து அறிவிப்புப் பலகையிலே ஒட்டப்பட்டன. பந்தை ஒரு கையாலோ இரு கைகளாலோ எத்திசையிலும் எறியலாம், முட்டியாற் குத்தலாகாது. பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிதல் வேண்டும், ஓடலாகாது. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், தடுக்கி வீழ்த்துதல், அடித்தல் யாவும் குற்றம். இரண்டாம் முறை குற்றம் செய்தவன் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்கவேண்டும். ஓர் அணி இடைவிடாது மூன்று குற்றம் செய்தால், எதிரணிக்கு ஒரு கோல் சேரும். பதினைந்து நிமிடங்கொண்ட இரு பகுதிகள். இடையில் ஐந்து நிமிட ஓய்வு. மனிதரைக் கவனிக்க ஒரு நடுவர்; பந்தைக் கவனிக்க ஒரு மத்தியஸ்தர்.

அன்பர்களே, இவ்விதிகளைச் சற்று ஊன்றி நோக்குங்கள். ஆடுபவனின் வலிமையை இவை எங்கேயும் ஒழிக்கவில்லை, வழிப்படுத்துகின்றன. ஒருவன் செய்த குற்றத்தின் பலனை அவனுடைய கோஷ்டி முழுவதும் அனுபவிக்கச் செய்கின்றன. ஒழுக்கத்தை உபதேசத்தாற் புகட்டாமல் ஆட்டத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்ட திறம் இதுவாகும்.

1891 மார்கழி 21ஆம் திகதி வகுப்பு கூடியது. அவ்வகுப்பின் கலகத் தலைவரென்று சொல்லத்தக்க பிராங்க் மஹான், மேலே தொங்கிய கூடைகளைப் பார்த்துவிட்டு, மீண்டும் ஒரு புதிய விளையாட்டா என்று சலித்துக்கொண்டாராம். பதினெண்மரும் அணிக்கு ஒன்பதின்மராகப் பிரிந்தனர். யப்பான் தேசத்து மாணவரான கென்சாபுறோ இஷிக்காவாவும் அவர்களுள் ஒருவர். அவ்விளையாட்டின் முதல் நாளிலேயே ஆசிய வாலிபன் ஒருவனும் களத்திலே நின்றான் என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

ஆட்டம் தொடங்கியது. முறை தெரியாத குழப்பமும், குற்றம் செய்து வெளியே போவதும் வருவதுமாக இருந்தபோதிலும் ஒருவரும் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. அன்று விழுந்தது ஒரே ஒரு கோல். அதை எறிந்தவர் வில்லியம் சேஸ். முடிவு 1க்கு 0. ஒவ்வொரு கோலுக்கும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்கவேண்டிய அந்நாளிலே ஒரு கோல் போதுமானதே! தோல்வியென்று அஞ்சிய நெயிஸ்மித், வகுப்பு முடிந்தும் கலையாத மாணவரைக் கண்டு நிம்மதியடைந்தார்.

பலகையில் ஒட்டிய விதித்தாள் சில நாளிற் காணாமற்போயிற்று. விடுமுறை முடிந்ததும் மஹானே வந்து, இது வரலாற்றுப் பொருளாகும் என்று எண்ணி நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். விளையாட்டுக்கு ‘நெயிஸ்மித் பந்து’ என்று பெயர் வைக்கலாம் என்றும் சொன்னார். அப்பெயர் எந்த விளையாட்டையும் கொன்றுவிடும் என்று நெயிஸ்மித் நகைத்து மறுக்கவே, “கூடையும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது, கூடைப்பந்து என்போமே” என்றார் மஹான். கலகத் தலைவரே பெயர் சூட்டினார். அந்தத் தாள் 2010ஆம் ஆண்டு ஏலத்திலே 43 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. மஹானின் எண்ணம் பொய்க்கவில்லை.

பனிக்கால அணியின் வளர்ச்சி

1892 தை 15ஆம் திகதி கல்லூரியின் ‘முக்கோணம்’ என்னும் பெயர்கொண்ட ஏடு அவ்விதிகளை வெளியிட்டது. விடுமுறைக்குப் போன மாணவர்கள் தத்தம் ஊர்ச் சங்கங்களுக்கு விளையாட்டைக் கொண்டுசென்றனர். பங்குனி 11ஆம் திகதி ஏறத்தாழ இருநூறு பேர் பார்த்திருக்க, மாணவரும் ஆசிரியரும் பகிரங்கமாக மோதினர். மாணவர் 5க்கு 1 என வென்றனர். ஆசிரியர் பக்கத்து ஒரே புள்ளியைப் பெற்றவர் ஸ்ராக். இலையுதிர்காலத்திலே யேல் வீரரை எதிர்த்து நின்றவர், பனிக்காலத்திலே தம் மாணவரிடம் தோற்றார்!

பெண்களும் பின்நிற்கவில்லை. மதியவேளையில் மண்டபத்து ஆரவாரத்தைக் கேட்டு வந்த ஆசிரியைகள் தாமும் ஆட விரும்பினர். அவ்வாறு ஆடியவருள் ஒருவரான மோட் ஷேர்மன் என்பவரையே நெயிஸ்மித் 1894இல் மணந்தார். அருகேயிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியிலே செண்டா பெறன்சன் என்னும் ஆசிரியை, பெண்களுக்கேற்ப விதிகளை மாற்றி 1892இலே கற்பிக்கத் தொடங்கினார். இவ்வாறு பெண்கள் ஆடிய கூடைப்பந்து கடல் கடந்து இங்கிலாந்து சென்று மாறி வளர்ந்ததே வலைப்பந்தாட்டம்.

அணிக்கு ஒன்பதின்மர் என்றிருந்தது சில ஆண்டுகளில் ஐவராயிற்று. 1896 தை 18ஆம் திகதி சிக்காகோ, அயோவா சர்வகலாசாலைகளின் அணிகள் ஐவர் ஐவராக ஆடின. சிக்காகோ 15க்கு 12 என வென்றது. அயோவாவில் அவ்வாட்டத்தை வளர்த்த ஹென்றி கலன்பேர்க் ஸ்பிறிங்பீல்டிற் பயின்றவர். சிக்காகோவிலோ 1892 முதல் ஸ்ராக் விளையாட்டுத் துறைக்குத் தலைவராயிருந்தார். சிறு கல்லூரியின் விதை எவ்வளவு தூரம் பரவியது பாருங்கள். மேன்மாடத்திலிருந்த பார்வையாளர் கைநீட்டிப் பந்தைத் தட்டிவிடவே, கூடைக்குப் பின்னாற் பலகை வந்தது. ஏணிக்கு ஓய்வு கொடுக்க, கூடையின் அடியும் காலப்போக்கில் திறந்தது.

வளர்ச்சியிலே தீமையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. ஆட்டம் முரடாகிறது, மண்டபம் முழுவதையும் பத்துப் பேரே பிடித்துக்கொள்கின்றனர் என்ற முறைப்பாட்டால், சில நகரங்களின் வாலிபர் சங்கங்களே அதைத் தடைசெய்தன. நடுத்தர வயதினருக்கு அது கடினமாகவும் இருந்தது. ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற வில்லியம் மோர்கன் என்பவர், அருகிலுள்ள ஹோலியோக் நகரத்துச் சங்கத்தில் வேலை பார்க்கும்போது, உடல்மோதலே இல்லாதவாறு நடுவே வலை கட்டி 1895இல் மற்றோர் ஆட்டத்தை அமைத்தார். அதை 1896இல் ஸ்பிறிங்பீல்டிலே ஆடிக் காட்டினர். அதுவே நமது கரப்பந்தாட்டம்.

இலையுதிர்கால ஆட்டத்தின் சோதனை

பனிக்கால ஆட்டம் இவ்வாறு வளர, இலையுதிர்கால ஆட்டத்தின் கதி என்னாயிற்று? அங்கே முரட்டுத்தனம் ஆண்டுக்காண்டு மிகுந்தது. அந்நாட்டுக் களங்களில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். 1905 ஐப்பசியிலே ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட், ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி பிறந்தது; கும்பலாக நெரித்து மோதும் முறை தளர்ந்தது. ஓர் ஆட்டம் முரடாவது ஏன் என்று 1891இல் தனியொருவர் கேட்ட கேள்வியை, பதினான்கு ஆண்டுகளின்பின், பல உயிர்களைக் கொடுத்து, நாடு முழுவதும் கேட்டது.

கடல் கடந்து

ஸ்பிறிங்பீல்டில் கற்ற ஹரி குறோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டிலே சென்னையில் வை. எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தாபித்தார். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே சென்று பயின்று வந்தனர். அதற்கு முன்னரே, 1916இல், கொழும்பு வை. எம். சி. ஏ. உடற்பயிற்சி அதிகாரியான வோல்ற்றர் கமக் கரப்பந்தாட்டத்தை இந்நாட்டுக்குக் கொணர்ந்தார். 1991இலே அது இலங்கையின் தேசிய விளையாட்டெனப் பிரகடனம் செய்யப்பட்டது. வலைப்பந்தாட்டத்தில் 2018இல் சிங்கப்பூரிலே ஆசியக் கிண்ணத்தை இலங்கை மகளிர் வென்றபோது, யாழ்ப்பாணத்து மங்கை தர்ஜினி சிவலிங்கம் அவ்வணியின் தூணாக நின்றதை நாம் அனைவரும் பெருமையுடன் அறிவோம். பழக்கூடையிலே விழுந்த அந்த ஒரு பந்து எங்கெங்கு வந்து சேர்ந்திருக்கின்றது!

நெயிஸ்மித் 1895இல் ஸ்பிறிங்பீல்டை விட்டு நீங்கினார். வைத்தியப் பட்டம் பெற்று, 1898 முதல் கன்சாஸ் சர்வகலாசாலையிற் பணிபுரிந்தார். தாம் கண்ட விளையாட்டுக்கு உரிமைப்பத்திரம் பெறவுமில்லை, அதனாற் செல்வம் சேர்க்கவுமில்லை. கன்சாஸ் அணியை அவர் பயிற்றிய காலத்திலே 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். ஆட்டத்தை ஆக்கியவரே தோல்வி மிகுந்த பயிற்றுநர் என்பது வேடிக்கையே. 1936இலே பேர்லின் ஒலிம்பிக்கிற் கூடைப்பந்து இடம்பெற்றபோது, அன்பர்கள் பணம் திரட்டி அவரை அனுப்பிவைத்தனர். மழையில் நனைந்த மண்தரையிலே அமெரிக்காவும் அவர் பிறந்த கனடாவும் இறுதியில் மோதின. 19க்கு 8 என அமெரிக்கா வென்றது. பனிக்கு அஞ்சிக் கூரையின்கீழ்ப் பிறந்த விளையாட்டு, மழையிலே நனைந்து உலக அரங்கேறியது. 1939 கார்த்திகை 28ஆம் திகதி நெயிஸ்மித் காலமானார்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பெரியோர்களுக்கு ஒன்று சொல்லத் துணிகின்றோம், பிழையாயிற் பொறுத்தருள்க. சொற்கேளாத பதினெண்மரைக் கண்டு, இக்கால வாலிபர் கெட்டுவிட்டனர் என்று கூலிக்கும் நெயிஸ்மித்தும் கைகழுவவில்லை. இவர்களுக்கு நாம் கொடுத்தது போதுமா என்று தம்மையே வினவினர். நமது ஊர்களிலும் சந்தியிலே நிற்கும் வாலிபரைக் கடிந்துகொள்வது எளிது. அவர்களுக்கு ஒரு களத்தைத் துப்புரவு செய்து, ஒரு பந்தை வாங்கிக் கொடுப்பது அதனினும் பயனுடையது.

வாலிபராகிய எமக்கும் பாடம் உண்டு. நமது வாலிபர் சங்கங்கள் எந்த இயக்கத்தின் அமைப்பைப் பார்த்து எழுந்தன என்பது அவற்றின் பெயரைப் பார்த்தாலே தெரியும். நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம். கற்றதை நமதாக்கிக் கொள்ளலாம். ஆனால் களத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு விதியை மறந்துவிட்டோமானால், நாம் கற்றது பாதியே. மத்தியஸ்தரைச் சூழ்ந்து சச்சரவிடுவதும், ஆட்டம் முடிந்தபின் மதிலுக்கு வெளியே பகை தீர்ப்பதும் நமது ஊர்களுக்குத் தெரியாத காட்சிகளல்ல. அவ்வேளையிலே, ஒருவன் பிழைக்கு அவன் கோஷ்டி முழுவதும் பொறுப்பு என்ற அந்தப் பழைய விதியை நாம் நினைத்துக்கொள்வோமாக.

எமது பாடசாலைக் களத்திலே அந்தத் துருப்பிடித்த வளையம் இன்னும் நிற்கின்றது. அண்மையில் அவ்வழியே போனபோது, சிறுவன் ஒருவன் தனியே நின்று, மெல்ல வளைத்துப் பந்தை எறிந்துகொண்டிருந்தான். பலமுறை தவறியது, அவன் விடவில்லை. கூடையில்லாத வளையத்தின் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.